பழைய சைக்கிளில் அகலமான, இளக்கமான டயர் பொருத்துவது எப்படி

1970, 80-களில் செய்த ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள்கள் பல இன்றைக்கும் நேராக, உறுதியாக ஓடுகின்றன. ஆனால் கரடுமுரடான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கை மரத்துப்போகிறது, முதுகு வலிக்கிறது. ஃபிரேமைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் காரணம் ஒல்லியான, விறைப்பான டயர். அதை மாற்றினால் அதே சைக்கிள் வேறு வண்டிபோல ஓடும். சிக்கல் ஒன்றுதான்: அந்த ஃபிரேம்களில் பலவற்றில் டயருக்கு விட்டிருக்கும் இடம் குறைவு. எவ்வளவு அகலம் போகும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு வாங்கினால் பணம் வீணாகும். சில நேரம் ஆபத்தாகவும் முடியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இடம் குறைவான ஃபிரேமில் அகலத்தைவிட இளக்கம்தான் அதிகம் தரும். 35 மி.மீ. விறைப்பான டயரை நெருக்கித் திணிப்பதைவிட, நாலு பக்கமும் காற்றோட்டமாக உட்காரும் 30 மி.மீ. இளக்கமான டயர் வேகமாகவும் சொகுசாகவும் ஓடும். கடைசி இரண்டு மில்லிமீட்டருக்காக மல்லுக்கட்டத் தேவையில்லை.

இளக்கம் என்பது எது

டயரின் ரப்பருக்கு அடியில் நூல்களால் ஆன உடல் இருக்கிறது. அதைக் கேசிங் என்கிறார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் பட்டு அமுங்கி, மறுபடி நிமிர்கிறது. தடித்த நூலும் தடித்த ரப்பரும் உள்ள டயரில் இந்த அமுங்கலுக்கே நம் மிதியின் ஒரு பகுதி செலவாகி, சூடாக வீணாகிறது. மெல்லிய நூல், மெல்லிய ரப்பர் என்றால் இழப்பு குறைவு. சாலையின் சிறு மேடு பள்ளங்களையும் டயரே வாங்கிக்கொள்ளும், உடம்புக்கு வராது.

பெட்டியில் எழுதியிருக்கும் டிபிஐ எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரு அங்குலத்தில் எத்தனை நூல் என்பதுதான் அது. சில தயாரிப்பாளர்கள் ஒரே அடுக்கை எண்ணுகிறார்கள், சிலர் இரண்டு மூன்று அடுக்குகளைக் கூட்டிச் சொல்கிறார்கள். 60 நூலை மூன்று அடுக்குக்குக் கூட்டி 180 என்று போட்டுவிட முடியும். கையால் பார்ப்பது நல்ல சோதனை. பக்கச் சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மடக்குங்கள். இளக்கமான டயர் துணிபோல மடங்கும், விட்டதும் மெதுவாகத்தான் நிமிரும். விறைப்பானது விரலை எதிர்த்துத் துள்ளும். எடையும் துப்புக் கொடுக்கும்: 700×32 அளவில் இளக்கமானவை 250 முதல் 320 கிராமுக்குள் இருக்கும், பஞ்சர் தடுப்புப் பட்டையும் தடித்த சுவரும் உள்ளவை 500 கிராமைத் தாண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மெல்லிய சுவர் கூர்மையான கல்லில் சீக்கிரம் கிழியும். பக்கச் சுவரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோ இருந்தால் இந்த டயர் வேண்டவே வேண்டாம். உருளை சுவரை அரித்துத் தின்றுவிடும். ஒன்று டைனமோவைக் கழற்றுங்கள், அல்லது சுவர் தடித்த டயரோடு இருங்கள்.

முதலில் சக்கரத்தின் அளவைச் சரியாகப் படிக்க வேண்டும்

பழைய சைக்கிள்களில் "27", "28", "26" என்று எழுதியிருப்பது குழப்பத்தின் ஊற்று. டயரின் பக்கத்தில் 32-630 அல்லது 28-622 போல ஒரு ஜோடி எண் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 5775 முறைப்படி எழுதிய அளவு அது. முதல் எண் அகலம்; இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பொருந்தவில்லை என்றால் டயர் பொருந்தாது. அதில் சமரசமே இல்லை.

27 × 1¼ என்பது 630. 700சி என்பது 622. 650பி என்பது 584. பின்னமாக எழுதிய 26 × 1⅜ பெரும்பாலும் 590. தசமமாக எழுதிய 26 × 1.75 என்பது 559. இவை இரண்டும் "இருபத்தாறு"தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் ஏறாது. கம்பி பிரேக் உள்ள பழைய பாரச் சைக்கிள்களின் 28 × 1½ என்பது 635. டயரில் எண் அழிந்திருந்தால் ரிம்மில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

அளப்பது

தேவையானவை: வெர்னியர் காலிப்பர், எஃகு அடிக்கோல், 3, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், ஒரு துண்டு அட்டை. ஆலன் சாவிகள் இடைவெளிமானியாக உதவும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 4 மி.மீ. சாவி உரசாமல் போனால் அங்கே 4 மி.மீ. இருக்கிறது.

அளப்பதற்கு முன் சக்கரத்தைக் கவனியுங்கள். கோட்டம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றி இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ரிம் ஃபிரேமுக்கு நடுவிலேயே நின்றால் சக்கரம் நடுவில் இருக்கிறது. திருப்பும்போது மறுபக்கம் ஒதுங்கினால் ரிம் ஹப்புக்கு நடுவில் இல்லை, ஸ்போக் இழுவையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமே ஒதுங்கினால் ஃபிரேமோ ஃபோர்க்கோ கோணல். நடுவில் இல்லாத சக்கரம் ஒரு பக்கத்தில் 2 மி.மீ. தின்றுவிடும். இடமே இல்லை என்று ஒதுக்கிய பல ஃபிரேம்களில் இந்த வேலையை முடித்ததுமே இடம் கிடைத்துவிடுகிறது.

இப்போது இரண்டு வகை அளவு வேண்டும். ஒன்று உயரத்துக்கு, மற்றது அகலத்துக்கு.

உயரம்: அச்சின் மையத்திலிருந்து மேலே டயர் முதலில் இடிக்கக்கூடிய இடம்வரை அளக்கவும். முன்பக்கம் அது பெரும்பாலும் பிரேக் காலிப்பரின் (ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக் கைகள்) அடிப்புறம், சில நேரம் ஃபோர்க்கின் தலைப்பகுதி. பின்பக்கம் சீட்ஸ்டே (சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்) பாலத்தில் மாட்டிய காலிப்பரின் அடிப்புறம். அந்த அளவிலிருந்து வேண்டிய இடைவெளியைக் கழித்து, பிறகு ரிம்மின் ஆரத்தைக் கழிக்கவும். 622-க்கு ஆரம் 311, 630-க்கு 315, 584-க்கு 292. மிச்சம் இருப்பதுதான் டயருக்குக் கிடைக்கும் உயரம். டயரின் உயரம் ஏறத்தாழ அதன் அகலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அகலம்: டயர் அதிகமாகப் புடைத்திருக்கும் இடம் ரிம்மிலிருந்து ஏறத்தாழ அதன் பாதி உயரத்தில் இருக்கும். 32-622 டயருக்கு அது அச்சிலிருந்து 311 + 16 = 327 மி.மீ. தூரம். அச்சிலிருந்து சரியாக 327 மி.மீ. தள்ளி இரண்டு செயின்ஸ்டேக்களுக்கும் (பெடல் பகுதியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்கள்) நடுவே உள்ள உள் அகலத்தை அளக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் கூடு) ஒட்டி அளந்தால் தவறான எண் வரும், ஏனென்றால் அந்தக் குழாய்கள் பின்னே போகப்போக விரிகின்றன. அட்டையை அந்த அகலத்துக்கு வெட்டி உள்ளே நுழைத்துப் பார்ப்பது காலிப்பரைச் சாய்த்து அளப்பதைவிட நம்பகமானது. ஃபோர்க் கால்களுக்கும் சீட்ஸ்டேக்களுக்கும் இதே ஆரத்தில் அளக்கவும்.

ஓர் எடுத்துக்காட்டு. முன் அச்சிலிருந்து காலிப்பர் அடிவரை 356 மி.மீ. மேலே 6 விட்டால் 350, அதில் 311 போனால் 39. உயரத்தில் பிரச்சினை இல்லை. செயின்ஸ்டே இடைவெளி 42 மி.மீ. பக்கத்துக்கு 4 வீதம் 8 கழித்தால் 34. ஆக இந்த ஃபிரேமைத் தீர்மானிப்பது செயின்ஸ்டேதான், 32 மி.மீ. டயர் வாங்கலாம், 35 வாங்கக் கூடாது. முன்னால் மட்டும் 35 போட்டுப் பின்னால் 32 போடுவதும் நல்ல ஏற்பாடுதான். கைகளுக்குச் சொகுசு கிடைக்கும்.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்

முன்சக்கரத்தில் மேலே 6 மி.மீ., பக்கங்களில் 4 மி.மீ. பின்சக்கரத்தில் மேலே 5, பக்கங்களில் 4. தார்ச்சாலையிலேயே ஓடும், சக்கரம் உறுதியான, ஓட்டுபவர் எடை குறைவான வண்டியில் பின் பக்கங்களில் 3 மி.மீ. வரை இறங்கலாம். மண்பாதை என்றால் எல்லாவற்றிலும் 2 மி.மீ. கூட்டுங்கள்.

முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பின்டயர் செயின்ஸ்டேயில் உரசினால் பெயின்ட் போகும், நாளடைவில் குழாய் தேயும். முன்டயருக்கும் ஃபோர்க் தலைக்கும் நடுவே ஒரு கல் சிக்கினால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். முன்பக்க உயரத்தில் மட்டும் யாரும் பேரம் பேசக் கூடாது.

எழுதியிருக்கும் அகலமும் உண்மை அகலமும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. அகலும். 18 மி.மீ. ரிம்மில் 32 காட்டும் டயர் 13 மி.மீ. பழைய பந்தய ரிம்மில் 30-தான் காட்டும். அதனால் ஒல்லி ரிம்மில் பெரிய டயர் இடம் பிடிக்காது என்று மகிழ வேண்டாம். அங்கே டயர் பல்புபோலப் புடைத்து, வளைவில் பக்கவாட்டில் நெளியும். 13 மி.மீ. ரிம்மில் 28-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 17 மி.மீ. இருந்தால் 38 வரை கவலையில்லை. இன்னொன்று: புது டயர் காற்றடித்த முதல் சில நாட்களில் ஒரு மில்லிமீட்டர்வரை வளரும், நூல் இளகுவதால். இளக்கமான டயரில் இது கூடுதலாகவே தெரியும்.

டயர் இடிக்கும் இடங்கள்

பாட்டம் பிராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் செயின்ஸ்டேயின் உள்முகம்தான் முதல் இடம். பழைய ஃபிரேமில் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். பல ஃபிரேம்களில் உட்பக்கம் லேசாகக் குழித்து விட்டிருப்பார்கள். அந்தக் குழிவின் நடு எந்த அளவு சக்கரத்தை மனதில் வைத்துச் செய்தது என்பதையே காட்டும். டயரின் புடைப்பு அந்தக் குழிக்கு நேரே வந்தால் நல்லது. முன்பே யாராவது பெரிய டயர் போட்டிருந்தால் அங்கே பெயின்ட் போய், வெள்ளி நிறத்தில் ஒரு கோடு ஓடியிருக்கும். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு ஆழமாக இருந்தால் அந்தக் குழாயை ஃபிரேம் வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மேலே போக வேண்டும். சேற்று மணல் ஒட்டிய டயர் எஃகையும் அறுக்கும்.

அடுத்தது செயின்ஸ்டே பாலம். அதில் மட்கார்டு போல்ட்டின் தலை டயரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பக்க ஸ்டாண்டின் மேல்தகடும் அங்கேதான் உட்காரும். தலை தட்டையான போல்ட் போட்டால் அல்லது மட்கார்டு இல்லாதபோது போல்ட்டையே எடுத்துவிட்டால் 3, 4 மி.மீ. சும்மா கிடைக்கும்.

முன் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றதுக்கு மாற்றும் கருவி) உள்ள சைக்கிளில் அதன் கேபிள் கை டயரை நோக்கி நகரும். சின்ன பல்சக்கரத்திலும் பெரிய பல்சக்கரத்திலும் வைத்து, பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் உரசும் வண்டிகள் நிறைய.

பிரேக் கட்டைகளைத் தாண்டிச் சக்கரம் வெளியே வருமா என்பதும் கேள்வி. பிரேக்கின் விரைவு விடுவிப்பைத் திறந்தாலும் 32 மி.மீ. டயர் பல பழைய காலிப்பர்களில் கட்டைகளுக்கு நடுவே சிக்கும். அதோடு, முன்னோக்கித் திறந்த கிடைமட்ட ட்ராப்அவுட் (அச்சு உட்காரும் பிளவு) உள்ள ஃபிரேமில் சக்கரத்தை முன்னே தள்ளித்தான் கழற்ற வேண்டும். டயர் சீட் குழாயில் முட்டும். இரண்டு இடத்திலும் காற்றை இறக்கினால் வேலை நடக்கும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமானால் இது தடையில்லை. ஆனால் பம்ப் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

இடத்தைக் கூட்டும் வழிகள்

கிடைமட்ட ட்ராப்அவுட் இருந்தால் சக்கரத்தைப் பின்னே இழுப்பதுதான் எளிது. பின்புறமாக உள்ள சிறு திருகுகளை இரண்டு பக்கமும் சமமாகத் திருகி, அச்சை 8 முதல் 10 மி.மீ. பின்னே நிறுத்தினால் செயின்ஸ்டே விரியும் இடத்துக்கு டயர் வந்துவிடும், இரண்டு பாலங்களிலிருந்தும் விலகும். செயினில் ஒரு கண்ணி கூட்ட நேரலாம். ரிம்மின் இடம் மாறுவதால் பிரேக் கட்டைகளையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

27 அங்குலச் சைக்கிளுக்கு 700சி சக்கரம் மாற்றுவது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழி. ஆரத்தில் 4 மி.மீ. குறைகிறது. 27 × 1¼ டயரின் மொத்த ஆரம் 347. 700×35-இன் ஆரம் 346. ஆகப் பெடல் உயரம் அப்படியே இருக்க, டயர் கொஞ்சம் அகலமாகிறது. 622-இல் கிடைக்கும் இளக்கமான டயர் வகைகளும் 630-ஐவிடப் பல மடங்கு அதிகம். பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பல பழைய காலிப்பர்களின் பிளவில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்கும். சக்கரம் மாற்ற விருப்பமில்லை என்றால் 630-லேயே பனரேசர் பசேலா போன்ற நடுத்தர இளக்கம் உள்ளவை கிடைக்கின்றன.

புதுச் சக்கரம் வாங்கும்போது பின் ட்ராப்அவுட்டின் உள் அகலத்தை அளக்க மறக்க வேண்டாம். ஐந்து கியர் காலத்தது 120, ஆறு ஏழு கியருக்கு 126, எட்டு கியருக்கும் அதற்கு மேலும் 130 மி.மீ. ஸ்டீல் ஃபிரேமை 126-இலிருந்து 130-க்கு அளந்து விரிக்கலாம். அலுமினியத்தையும் கார்பனையும் ஒருபோதும் விரிக்கக் கூடாது.

இன்னும் அகலம் வேண்டும் என்பவர்களுக்கு 650பி. ரிம் ஆரத்தில் 19 மி.மீ. குறைகிறது. டயரின் புடைப்பு 311 மி.மீ. ஆரத்துக்குப் பின்வாங்குகிறது, மேலே சொன்ன எடுத்துக்காட்டு ஃபிரேமில் அங்கே செயின்ஸ்டே இடைவெளி 46 மி.மீ. இருந்தால் 38 மி.மீ. டயர் போகும். 42-584-இன் மொத்த ஆரம் 334, 700×25-இன் ஆரம் 336. உயரம் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் 700×28-இல் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு 38-584 போட்டால் 9 மி.மீ. தாழும். வளைவில் பெடல் தரையில் தட்டும். 170 மி.மீ. கிராங்கை (பெடல் கை) 165 ஆக்குவது அதற்குப் பாதி மருந்து. முடிவெடுக்கும் முன் பாட்டம் பிராக்கெட் மையம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, புது ஆரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 260-க்குக் கீழே இறங்கினால் யோசிக்க வேண்டும்.

650பி-யின் நிஜமான தடை பிரேக். கட்டை 19 மி.மீ. கீழே வர வேண்டும். காலிப்பரின் போல்ட்டிலிருந்து கட்டையின் மையம்வரை உள்ள தூரத்தை எட்டும் தூரம் என்று சொல்லலாம். பந்தயக் காலிப்பர்களின் எட்டும் தூரம் 39 முதல் 49 மி.மீ., நடுத்தரம் 47 முதல் 57, நீளமானது 55 முதல் 73. இப்போது கட்டை 50-இல் நின்றால் 69 தேவை. டெக்ட்ரோ ஆர்559 போன்ற 55–73 காலிப்பர் போதும். இப்போதே 57-இல் நின்றால் 76 தேவை, அந்தக் காலிப்பர் எட்டாது. ஃபிரேமில் பற்றவைத்த, கான்டிலீவர் பிரேக் மாட்டும் குமிழ்கள் இருந்தால் அவை நகரா. அங்கே 650பி திட்டத்தைக் கைவிடுவதே புத்திசாலித்தனம். காலிப்பர் வாங்கும்போது நட் வகையா (நட் துளைக்கு வெளியே நிற்பது) உள்நட் வகையா (நட் துளைக்குள் புதைவது) என்று பாருங்கள். பழைய ஃபோர்க்கின் துளை முன்னும் பின்னும் ஒரே அளவில் ஒல்லியாக இருந்தால் நட் வகைதான் பொருந்தும்.

650பி செய்யாதவர்களுக்கும் எட்டும் தூரம் நீளமான காலிப்பர் உதவும், ஏனென்றால் அதன் வளைவு டயருக்கு மேலே உயர்ந்து நிற்கும். பந்தயக் காலிப்பருக்கு அடியில் 28-க்கு மேல் கஷ்டம். கை நீளமானால் பிடிப்பு கொஞ்சம் மென்மையாகும். நல்ல கட்டையும் புதுக் கேபிளும் அதை ஈடுகட்டும்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. காலிப்பரின் அடியை அரத்தால் தேய்ப்பது, ஃபோர்க் ட்ராப்அவுட்டை ஆழமாகத் தேய்ப்பது, ஃபோர்க் காலை நசுக்குவது, பாலத்தை அறுத்தெடுப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது. ஸ்டீல் செயின்ஸ்டேயில் குழி கூட்டுவதை ஃபிரேம் கட்டுபவர் உரிய அச்சுக்கட்டை வைத்துச் செய்யலாம்; பக்கத்துக்கு 2, 3 மி.மீ. கிடைக்கும். வீட்டு வைஸில் செய்தால் குழாய் மடிந்துபோகும்.

மாட்டுவது

பழைய ரிம்களில் சிலவற்றின் உள்விளிம்பு நேராக இருக்கும். டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இராது. விரலை விளிம்பின் உள்ளே ஓட்டினால் தெரியும். கொக்கி இல்லாத ரிம்மில் மடக்கும் வகை டயர் கழன்று தெறிக்க வாய்ப்பு உண்டு. கம்பி பீட் (விளிம்புக்குள் எஃகுக் கம்பி) உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அழுத்தத்தை 70 பிஎஸ்ஐ-க்குக் கீழே வையுங்கள். அகல டயருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. எந்தப் பழைய ரிம்மிலும் டியூப்லெஸ் முயற்சி வேண்டாம்.

பழைய ரப்பர் ரிம் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துணிப்பட்டை ஒட்டவும். ரப்பர் நகர்ந்து ஸ்போக் துளை வெளியே தெரிந்தால் டியூப் அதில் அமுங்கி வெடிக்கும். ரிம்மின் வால்வு துளை 8 மி.மீ.-க்கு மேல் அகலமாக இருந்து, உங்கள் டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால், துளைக்கு வளையம் ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் வால்வின் அடி கிழியும்.

டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதி, டயருக்குள் வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வில் முடியும்படி கையாலேயே ஏற்றுங்கள். மெல்லிய டயரில் லீவர் போட்டால் டியூப் நசுங்கும். 20 பிஎஸ்ஐ அடித்து நிறுத்தவும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எங்கும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் முங்கியிருந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, விரல்களால் இழுத்து உட்காரவைத்து, பிறகு மெதுவாக 50-க்கு ஏற்றவும். இளக்கமான டயர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும். உட்காராத டயர் சுற்றும்போது குதிக்கும், அந்தக் குதிப்பே உங்கள் இடைவெளியைத் தின்றுவிடும்.

கடைசியாகப் பிரேக் கட்டையின் மேல்விளிம்பு ரிம்மின் மேல்விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். சென்டர்புல் (கேபிள் நடுவிலிருந்து இழுக்கும்) பிரேக்குகளில் கட்டை தேயத்தேய மேலே ஏறும். மெல்லிய பக்கச் சுவரை அது ஒரே இறக்கத்தில் அறுத்துவிடும்.

காற்று

சைக்கிள் தொழில்நுட்ப எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன கணக்கு இன்றும் நல்ல தொடக்கம்: எடை ஏறும்போது டயரின் உயரம் 15% அமுங்க வேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், எடையில் 55% பின்சக்கரத்தில் விழுகிறது என்று வைத்து, பின்னால் 28 மி.மீ.-க்கு சுமார் 78, 32-க்கு 60, 38-க்கு 45 பிஎஸ்ஐ; முன்னால் முறையே 62, 48, 36. கொக்கி இல்லாத ரிம்மில் 28 மி.மீ. பின்டயருக்கு இந்த 78 கூடாது. 70 தான் எல்லை. மற்றபடி இந்த எண்களிலிருந்து இரண்டிரண்டாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வளைவில் டயர் பக்கவாட்டில் நழுவுவதுபோலத் தோன்றினாலோ, பள்ளத்தில் ரிம் தரையில் இடிப்பது கேட்டாலோ மூன்று பிஎஸ்ஐ ஏற்றி அங்கேயே நிறுத்தவும். விறைப்பான டயரில் சுவரே கொஞ்சம் எடையைத் தாங்கும். இளக்கமானதில் காற்று மட்டுமே தாங்குகிறது, அதனால் அளவுமானி இல்லாமல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது இங்கே போதாது.

பழைய பழக்கத்தில் 90 அடித்துவிட்டு "பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் இன்னும் அந்த டயரை ஓட்டிப் பார்க்கவே இல்லை.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு

செயின்ஸ்டேயின் உள்முகத்திலும் ஃபோர்க் கால்களிலும் டயருக்கு நேரே காகித மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறிவிட்டு வாருங்கள். எழுந்து மிதிக்கும்போது சக்கரமும் ஃபிரேமும் வளைவதால் நின்ற இடத்தில் தெரியாத உரசல் டேப்பில் தெரியும். பெடலைக் கிடையாக வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பி, காலணி நுனி முன்டயரில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். டயர் உயர்ந்தால் இந்தத் தட்டலும் கூடும்.

மட்கார்டு போடுவதானால் டயரைவிட 8 முதல் 10 மி.மீ. அகலமானதை எடுத்து, டயருக்கு மேலே 10 மி.மீ. விடவும். அவ்வளவு இடம் இல்லை என்றால் ஒரு அளவு ஒல்லியான டயருக்கு இறங்குங்கள். நெருக்கமான மட்கார்டுக்குள் போகும் சுள்ளி மட்கார்டைச் சுருட்டி முன்சக்கரத்தை நிறுத்திவிடும்.

100 கி.மீ. ஓடிய பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்து டயரின் அகலத்தை மறுபடி அளக்கவும். நூல் இளகி வளர்ந்த பிறகு வரும் எண்ணே அந்த ரிம்மில் அந்த டயரின் உண்மை அகலம். அதை ஃபிரேம் அளவுகளோடு சேர்த்து எழுதி வைத்தால் அடுத்த டயர் வாங்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆலன் சாவிகளையும் அதே இடங்களில் மறுபடி நுழைத்துப் பாருங்கள். முன் தலைப்பகுதியில் 6 மி.மீ. சாவி இப்போது உரசினால் அந்த டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு, அங்கும் அளந்து பார்க்கவும். பின்னாலும் இடம் போதவில்லை என்றால் ஒரு அளவு சின்னது வாங்குங்கள்.